மூன்றாவது ஓலை

“ரெண்டு ஓலைய வாசிச்சிட்டு, மூணாவத வாசிக்காமலே கதைய முடிச்சிட்டாங்க மாமா! இது நியாயமா?”

“கதைதானே? அதுக்கா இந்தக் குதி குதிக்கிற?”

“புக்கு வாசனையே தெரியாத உங்ககிட்ட வந்து சொன்னேன் பாருங்க!”

போன வாரம் காணையில் வீட்டு வாசலில் நடந்த இந்தப் பேச்சை நினைத்துச் சிரித்துக்கொண்டே, ஸ்டீபன்ராஜ் மாமாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தாள் வெனிலா. வண்டி விழுப்புரத்தைத் தாண்டித் திண்டிவனம் பக்கம் பறந்தது.

அப்பா இறந்தபோது வெனிலா கைக்குழந்தை. நடக்கப் பழகிய நாளிலிருந்து அவளுக்கு எல்லாமே, கல்யாணமே செய்துகொள்ளாத மாமாதான். எங்கே கூப்பிட்டாலும் வண்டியை எடுத்துவிடுவார். இன்றைக்கு மட்டும் வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். அம்மாதான், “நீயே கூட்டிக்கினு போடா தம்பி” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

எழுத்தாளர் அமலோற்பவமேரி என்றால் வெனிலாவுக்கு உயிர். அவருடைய நாவல்களை ஒன்று விடாமல் படித்திருந்தாள். ‘கடவுளிடம் கேட்பது சுலபம், மனிதர்களிடம் கேட்கத்தான் தைரியம் வேண்டும்’ என்ற அவருடைய வரிதான் அவளது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்.

புது நாவல்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. அருணாவுக்கும் தேவாவுக்கும் கல்யாணம் என்று மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு பூசையில் ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்தாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறும் வாசித்துவிட்டால் கல்யாணம். அதற்குள் தேவா வந்து, ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். ஏன் என்று ஒரு வரி இல்லை! அம்மாகூடப் படித்துவிட்டு அழுதாள்.

“ஜல்தியா போங்க மாமா! இன்னிக்கு மேடம்கிட்ட கேட்டே தீருவேன். ரெண்டாம் பாகம் எழுதி ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வெக்கணும். அந்த தேவா மட்டும் என் கையில கெடச்சான்…”

“கெடச்சா?”

“மல்லாட்டைய ஓடு ஒடச்சி உரிக்கிற மாதிரி உரிச்சிடுவேன்!”

“பேஜாரு புடிச்சவ” என்று மாமா முணுமுணுத்தார்.

திண்டிவனத்தில் கோயிலை ஒட்டிய ஹாலில் புத்தக விழா முடிந்து, கையெழுத்து வாங்கக் கூட்டம் முண்டியது. “நான் வெளிய நிக்கிறேன்” என்று நழுவப் பார்த்த மாமாவை வெனிலா விடவில்லை.

“போட்டோ யாரு எடுப்பா? வாங்க!”

அவள் முறை வந்தது.

“மேடம், என் பேரு வெனிலா. காணையிலேர்ந்து வர்றேன்.”

பேனா நின்றது. “காணையா?”

“ஆமா மேடம். ஒரே ஒரு ரிக்வெஸ்ட். அந்த மூணாவது ஓலைய வாசிச்சிடுங்க, ப்ளீஸ்! அருணா பாவம் மேடம். தேவா ஏன் நிறுத்தினான்னாவது சொல்லக்கூடாதா?”

அமலோற்பவமேரி சிரித்தார். “காரணம் எனக்குத் தெரியும்மா. வேணும்னுதான் எழுதல. எழுதினா, ‘என்னாலதான் கல்யாணம் நின்னு போச்சு’ன்னு ஒரு கொழந்தை ஆயுசுக்கும் வருத்தப்படும்.”

“கொழந்தையா? கதையில கொழந்தையே இல்லியே மேடம்!”

வெனிலாவின் தோளுக்குப் பின்னால் அவர் பார்வை போய் நின்றிருந்தது.

வெனிலா திரும்பினாள். போட்டோ எடுக்கத் தூக்கிய செல்போனைத் தாழ்த்திவிட்டு, மாமா ஒரு அடி முன்னால் வந்தார்.

“அந்தக் கொழந்தைதான் இவ்ளோ பெரிசா வளந்து உன் எதிர்ல நிக்குது, மேரி” என்றார். “மூணாவது ஓலைக்கு… நான் ஃபாதர்கிட்ட சொல்லட்டுமா?”