கொஞ்சம் கூடுதலாப் போச்சு

"இது என்ன மாமா?"

தட்டைப் பார்த்து மருமகள் கேட்டாள். குரலில் ஆவலை விட பயம்தான் அதிகம்.

"கட்லெட்மா! நேத்து மிஞ்சின பூசணிக்காய், முந்தாநாள் பருப்பு, ஓரம் காய்ஞ்சுபோன ரொட்டி. எல்லாத்தையும் பிசைஞ்சு தட்டிப் போட்டேன். எப்படி நம்ம ஐடியா?"

கட்லெட் உருண்டையாகவும் இல்லை, தட்டையாகவும் இல்லை. வாணலியில் விழுந்த இடத்துக்குத் தக்கபடி இருந்தது.

"பிரமாதம்ப்பா" என்று மகன் எழுந்துகொண்டான். பெற்ற அப்பாவாயிற்றே! கைக்குட்டையில் சுற்றிய கட்லெட்டை பேன்ட் பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டான்.

மாமனார் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் மேலாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் ஆட்சியில் ஒரு நட்டு, ஒரு போல்ட் வீணானது கிடையாது. இப்போது ஃப்ரிட்ஜில் ஆட்சி நடத்துகிறார். டப்பாவுக்கு டப்பா தேதி ஒட்டி, முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். சரக்கு போய்ச் சேரும் இடம் மருமகளின் வயிறு என்பதுதான் சங்கடம்.

"முப்பது வருஷமா சமைக்கிறா, நாலு பேருக்கு எவ்வளவுன்னு இன்னும் கைக்கு வரலை" என்று மாமனார் அடுப்படியைப் பார்த்து முழங்கினார். "நான் ஒருத்தன் இல்லேன்னா இந்த வீட்டுல குப்பைத்தொட்டிக்குத்தான் சமைச்சுக்கிட்டு இருப்பாங்க!"

"என்னங்க பண்றது, கொஞ்சம் கூடுதலாப் போச்சு" என்றாள் மாமியார்.

தினமும் இதே பாட்டு, இதே பதில்.

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமனார் மேல் அல்ல, மாமியார் மேல். மருமகள் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். மில்லிகிராம் பிசகினால் ஆளே போய்விடுகிற தொழில். அவளுக்கு வந்து வாய்த்த வீட்டிலோ, 'சீசன்ல மலிவாக் கிடைக்குதே' என்று மாமியார் யானைக்குட்டி சைஸில் பூசணிக்காயைத் தூக்கி வருகிறாள். பாதி அன்றைக்கே சூப். மிஞ்சியது மறுநாள் காலை ஆம்லெட்டுக்குள், அதற்கு மறுநாள் ரொட்டிக்குள். இத்தனை திட்டு வாங்கியும் ஒரு மனுஷிக்குச் சுரணை வராதா?

அன்று அவளுக்கு லீவு.

"அத்தை, ராத்திரி சமையல் நான் பார்த்துக்கறேன். நீங்க உக்காருங்க."

மாமியார் முகம் மாறியது. "உனக்கு எதுக்கும்மா சிரமம்? சரி, ஒரு பிடி கூடவே போடு."

"எவ்வளவு போடணும்னு எனக்குத் தெரியும் அத்தை" என்றாள், மருந்துக்கடைச் சிரிப்போடு.

தராசில் நிறுத்து, கிராம் கணக்கில் சமைத்தாள். ராத்திரி பாத்திரங்கள் கழுவியது போலக் காலி. மாமனார் தட்டை வழித்துவிட்டு மனைவியிடம் திரும்பினார்.

"பாத்தியா? அளவுன்னா இது! கத்துக்கோ."

மருமகளுக்கு உச்சி குளிர்ந்தது. மாமியார் காலிப் பாத்திரங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனாள். பொறாமை, வேறென்ன!

மறுநாள் காலை மாமனார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"ஒண்ணுமே இல்லையாம்மா?"

"எல்லாம் காலி மாமா! ரொட்டியும் ஜாமும் மேஜையில இருக்கு. நீங்க ஹாயா உக்காருங்க."

"நல்லதும்மா" என்று துண்டை அவிழ்த்து மடித்து வைத்தார். கூடத்தில் போன் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

முதல் முறையாக நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு மருமகள் கடைக்குக் கிளம்பினாள். ஒரே நாளில் ஒரு வீட்டையே திருத்தியாயிற்று. லேசுப்பட்ட காரியமா!

சாயங்காலம் திரும்பியபோது மாமனார் அதே நாற்காலியில் இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் வாட்ச், காலில் ஷூ. டிவி ஓடவில்லை. "வந்துட்டியாம்மா?" என்றதோடு சரி.

அவள் அடுப்படிக்குப் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா எங்கேயாவது கிளம்பறாரா அத்தை?"

"எங்கே கிளம்புவார்? ரிட்டயர் ஆன புதுசுலயும் இப்படித்தான் உக்காந்திருந்தார். ஆபீஸ்ல எந்தச் சாமான் எங்கே இருக்குன்னு கேட்டு அவருக்குத்தானே போன் பண்ணணும்? முதல் வாரம் ரெண்டு போன் வந்துது. அப்புறம் யாரும் கூப்பிடலை. இவர் மட்டும் தினமும் ஷேவ் பண்ணிட்டு, சட்டையைப் போட்டுட்டு உக்காந்துடுவார். சாப்பாடு இறங்கலை. பேச்சும் நின்னுபோச்சு."

பேசிக்கொண்டே மாமியார் டப்பாவிலிருந்து அரிசியை எடுத்தாள். டம்ளரில் தலை தட்டி, ஒரு மணி சிந்தாமல் நாலு பேருக்கு அளந்து போட்டாள். தராசு தோற்றுவிடும். பிறகு நிதானமாக இன்னும் ரெண்டு பிடி அள்ளிப் போட்டாள்.

மருமகள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு கச்சிதமா அளக்கறீங்களே அத்தை. அப்புறம் எதுக்குத் தினமும் அந்தத் திட்டு?"

"அளவெல்லாம் கல்யாணமான மாசமே கைக்கு வந்துடுச்சும்மா. அவர் ரிட்டயர் ஆனப்புறம்தான் மறந்துட்டேன்."