மூன்றாவது வாய்தாவுக்கு ஒரு பேட்டரி

சிவப்பு வயர் சிவப்பிலும் கறுப்பு வயர் கறுப்பிலும்தான் இருக்கிறதா என்று மெக்கானிக் மூன்றாவது முறையாக மேஜைக்கடியில் குனிந்து பார்த்தார்.

பட்டறையில் கழற்றிப்போட்ட பழைய கார் பேட்டரி. அதோடு, உள்ளேயிருந்த பேட்டரி செத்துப்போனதால் யாரோ தூக்கியெறிந்த ஒரு யுபிஎஸ் பெட்டி. இரண்டையும் வயரால் இணைத்திருந்தார். கடையில் புதிதாகக் கேட்டால் யானை விலை குதிரை விலை சொல்கிறார்கள்.

பதினோரு மணிக்கு கோர்ட்டு விசாரணை, கம்ப்யூட்டர் வழியாக.

போன இரண்டு வாய்தாவிலும் நீதிபதி வாயைத் திறக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போய்த் தொலைந்தது. இந்தத் தடவையும் தொடர்பு அறுந்தால் மனு தள்ளுபடி, முதலிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

முதலிலிருந்து என்றால் இன்னும் இரண்டு வருஷம்.

தலைவாரி, பொட்டு வைத்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவிதான் கேட்டாள்.

"அந்த நெட் பெட்டிய இதுல மாட்டினீங்களா?"

மாட்டவில்லை. கம்ப்யூட்டர் ஓடும், நெட் செத்துப்போகும். அப்புறம் திரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, முகம் பார்த்துக்கொள்ளலாம்.

மெக்கானிக் அந்தப் பிளக்கையும் பிடுங்கி யுபிஎஸ்ஸில் சொருகினார். பதினோரு வருஷத்தில் அவள் சொன்னதை மறுபேச்சில்லாமல் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

பதினொன்று பத்துக்கு நீதிபதி திரையில் வந்தார். பதினொன்று பன்னிரண்டுக்கு ஃபேன் நின்றது.

எதிர்வீட்டு டிவி சட்டென்று வாயடைத்துப்போனது. யுபிஎஸ் பெட்டி கீ கீ என்று கத்தியது.

திரை அணையவில்லை. நீதிபதி பாட்டுக்குக் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்குக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. பக்கத்தில் அவளும் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள்.

நாலே கேள்வி. பெயர் கேட்டார். வயது கேட்டார். கையெழுத்து உங்களுடையதுதானா என்றார். யாராவது வற்புறுத்தினார்களா என்றார். கேட்டதற்கெல்லாம் இருவரும் மாறி மாறிப் பதில் சொன்னார்கள். மனு ஏற்கப்பட்டது என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

"அப்பாடா" என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் வாயில் வந்துவிட்டது. சிரித்துவிட்டார்கள். சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்றோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மெக்கானிக் எழுந்து வீட்டுச் சாவியை மேஜைமேல் வைத்தார். நேற்றே அடுக்கி வைத்திருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பினார்.

"மாசம் ஒரு தடவ மூடியத் தொறந்து பாத்து பேட்டரித் தண்ணி ஊத்திக்கோ. கொழாத் தண்ணிய ஊத்திடாத" என்றார், ஐந்து நிமிஷத்துக்கு முன்புவரை தன் மனைவியாக இருந்தவளிடம்.