கடலோர நடையில் கிடைத்த அண்ணன்

ஆறு மாதமாகப் பேச ஆளில்லாமல் வெல்டருக்கு வாய் துருப்பிடித்துப் போயிருந்தது. விடுமுறை நாளில், புது நண்பர்களைத் தேடுகிறவர்களுக்காக நடத்தும் கடலோர நடையில் போய்ச் சேர்ந்தான்.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒருவர் கூட நடந்தார். மணல் முடிந்து காட்டுப்பாதை ஏறுவதற்குள் இருவரும் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் தம்பி, ரூம்ல கூட யாரும் இல்லையா?”

“ஒருத்தன் இருக்கான்ணே. ஈரத் துண்ட மெத்தை மேலயே போட்டுட்டுப் போற எருமை.”

“என் ரூம்லயும் ஒருத்தன். பக்கெட்ல பொட்டுத் தண்ணி மிச்சம் வைக்க மாட்டான், வெளங்காதவன்.”

திரும்பும்போது ஒரே பஸ். அப்புறம் ஒரே தெரு, ஒரே மாடிப்படி. ஒரே பூட்டுக்கு இருவரும் சாவியை நீட்டியபோதுதான் விஷயம் புரிந்தது.

“அந்த எருமை நான்தான் தம்பி,” என்றார் அவர்.

அறைக்குள் ஒரே ஒரு கட்டில். இரவு ஷிஃப்ட் முடித்து வெல்டர் பகலிலும், பகல் ஷிஃப்ட் முடித்து அவர் இரவிலும் அதில்தான் தூங்கினார்கள். ஒருவர் வருவதற்குள் மற்றவர் வேலைக்குப் போயிருப்பார்; விடுமுறை என்றாலும் கட்டிலை விட்டுவிட்டு வெளியே சுற்றப் போயிருப்பார். இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை வந்தது இன்றுதான்.

“பொழுது சாஞ்சிடுச்சு. கட்டில் இப்ப உங்க முறைண்ணே. நான் இன்னொரு நடை போயிட்டு வர்றேன்.”

“தனியா எங்கடா போற? இரு, நானும் வர்றேன்,” என்று அவர் செருப்பை மாட்டினார்.