ஈரா வணக்கம்

"முழுசாப் போடுங்க சார். சத்தத்தோட."

சொல்லிவிட்டாள். எதைப் பற்றி வாயைத் திறக்கவே கூடாது என்று அம்மா கையிலடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாளோ, அதை.

ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றினார்.

முப்பது வருடத்துக்கு முன் 'செங்கோள்' தொடரை எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தெருவைக் காலியாக்கிய தொடர். இப்போது இந்த சேனலுக்கே அவர்தான் தலைவர். இன்று மாலை ஏழு மணிக்கு அந்தத் தொடரின் முப்பதாண்டு விழா நிகழ்ச்சி. அதில் 'திரைக்குப் பின்னால்' பகுதி அவள் பொறுப்பு.

எல்லாம் சிரிக்கிற மாதிரித் தகவல்கள்.

விண்கலத்தின் விசைப்பலகை, வரிசையாக ஆணியடித்த இட்லித் தட்டுகள்.

செவ்வாய்க் கிரகம், திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காடு. சித்திரை மாதம். உச்சி வெயில்.

வேற்றுக்கிரகப் பெண் ஈராவின் தலை, கவிழ்த்துப் பச்சை அடித்த பிளாஸ்டிக் குடம்.

அப்புறம் ஈரா வணக்கம். அது கதையிலேயே இல்லை. குடத்துக்குள் இருந்த பெண் தானாகவே கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்தாளாம். இவர் அப்படியே கேமராவில் பிடித்துக்கொண்டாராம். எத்தனையோ பேட்டியில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மூன்று விநாடிக் காட்சி.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை தூக்கினார்கள். கல்யாண வீட்டு போட்டோக்களில் மாப்பிள்ளைகள் தூக்கினார்கள். இந்த வாரம் அலுவலகமே தூக்குகிறது.

பழைய டேப்புகளைக் கணினிக்கு மாற்றும் வேலையும் அவளுடையதுதான். வெட்டாத டேப்பில் அந்தக் காட்சி இருபத்தாறு விநாடி.

தொடங்கும் முன் இவர் குரல்: "உள்ள இருந்து கத்தினா வெளிய கேக்காது. முடியலன்னா கையத் தூக்கு. நிறுத்திடுவோம்."

பிறகு யாரோ உதவியாளர்: "சார், கை தூக்கிருச்சு."

பிறகு இவர்: "தெரியுது. ஓடட்டும்."

கை தூக்கியபடியே இருக்கிறது. விரல்கள் விரிகின்றன. இன்னும் விரிகின்றன.

அப்புறம் வெறும் மணல்.

ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். பச்சை பூசிய அந்தக் கையில் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. அவளுக்குச் சடை பின்னிவிட்ட கை.

அம்மா தலைவழியாக எதையும் உடுத்தமாட்டாள். நைட்டிகூட. வீட்டில் பிளாஸ்டிக் குடம் கிடையாது. ஏன் என்றால், "மூணு நாளு கூலிக்குப் போனேன், அவ்வளவுதான்" என்பாள். இந்த வேலை கிடைத்த அன்று மட்டும் கூட ஒரு பேச்சு பேசினாள்.

"ஏட்டி, அங்க போயி அதப் பத்தி எதுவும் கேட்டுராத. நம்ம வீட்டுல மொத டிகிரி நீ. வேல நெலைக்கணும்."

ஞானசிகாமணி கண்ணாடியைத் துடைத்தார். குரலில் கோபமே இல்லை.

"ஏம்மா, ஊரே சந்தோஷமா கை தூக்குது. அதுல போய் மண்ண அள்ளிப் போடணுமா?"

"அந்தப் பொண்ணு பேரு என்ன சார்?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு? லோக்கல்ல புடிச்ச பொண்ணு. தண்ணி தெளிச்சதும் எந்திரிச்சு உக்காந்துடுச்சு."

"மாரிக்கனி."

அந்தப் பெயர் அவர் காதில் விழுந்ததற்கான அறிகுறி எதுவும் இல்லை.

"மூணு விநாடி. மேல மியூசிக் ஓட விடு. போம்மா, நேரமாகுது."

"சரிங்க சார்."

மணி ஐந்தரை.

தன் பகுதியை நாலு மணிக்கே ஒளிபரப்பு அறைக்கு அனுப்பியிருந்தாள். இருபத்தாறு விநாடியும். சத்தத்தோடு. இவர் அறைக்கு வந்தது, பெயராவது தெரிகிறதா என்று பார்க்கத்தான்.

அம்மா இந்நேரம் வேலையை முடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். மகள் செய்த நிகழ்ச்சி. பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டிருப்பாள்.

போடலாமா என்று அம்மாவிடமும் கேட்கவில்லை.

தன் இருக்கைக்குப் போனாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தலைவழியாகக் கழற்றினாள். நாடா காதில் மாட்டியது. ஒரு நொடி. இழுத்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

வாசலில் காவலுக்கு இருந்த எசேக்கியேல் அண்ணன், இந்த வாரம் போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் செய்கிற மாதிரி, கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்தார்.

அவள் நின்றாள்.

"என்னண்ணே, மூச்சு முட்டுதா?"

அவர் சிரித்தார். கை அப்படியே இருந்தது.

அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, தெருவில் இறங்கி நடந்தாள்.