கார்டின் சூடு

கடைசி ஸ்க்ரூ வர மறுத்தது.

சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, கணவருடைய கம்ப்யூட்டரில் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டைக் குப்புறப் போட்டிருந்தாள். சூட்டைத் தணிக்க அதில் வாங்கும்போதே இருந்த கூலரைக் கழற்றிவிட்டு, தனியாக வாங்கிய பெரிய கூலரை மாட்ட வேண்டும்.

காலை ஷிப்டு முழுக்கச் சட்டைக் காலர் தைத்த தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. வந்து இன்னும் முகம்கூடக் கழுவவில்லை.

"அழுத்திப் பிடிச்சுத் திருப்பு. அது அப்படித்தான் அடம்பிடிக்கும்," என்றார் கணவர், எதிர் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்தபடி.

"அப்ப நீங்களே திருப்புறது."

"கை நடுங்குதுன்னு சொன்னேன்ல? ஊசியில நூல் கோக்கற கை உன்னோடது. இன்னிக்கு நீதான் டாக்டர், நான் கம்பவுண்டர்."

"கம்பவுண்டர் உக்காந்துகிட்டு அதிகாரம் பண்றத இப்பதான் பாக்கறேன்."

ஸ்க்ரூ வந்துவிட்டது.

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி, நிறம் திருத்திக் கொடுப்பது அவர் தொழில். அவர் கை பட்டால் தூக்கமில்லாத மணப்பெண்கூடப் பூத்துவிடுவாள் என்று பெயர் எடுத்தவர்.

கொஞ்ச காலமாக, கொடுத்ததெல்லாம் திரும்பி வந்தது. முகங்கள் நீலம் பாரித்திருந்தன.

"எங்க மாப்பிள்ளை என்ன, தண்ணிக்குள்ளயா கல்யாணம் பண்ணிக்கிட்டாரு?" என்று ஒரு வீட்டார் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

எல்லாம் கார்டின் சூடு என்றார் அவர். சூடு ஏறினால் அது நிறங்களைக் குழப்பிவிடுமாம். அவளுக்கு அதெல்லாம் தெரியாது. தொட்டுப் பார்த்தாள். சுட்டது. நம்பினாள்.

நேற்று ஸ்டுடியோக்காரர் இன்னொரு கல்யாணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். இதுவும் நீலமாக வந்தால் இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக அவளிடம்தான் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

பழைய கூலரை இப்படியும் அப்படியும் மெல்லத் திருகினாள். பிசுக்கென்று விட்டது. சூட்டைக் கடத்த அடியில் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்த சேறாக உதிர்ந்தது.

"விசிறி ஒயர் இருக்கும். வெடுக்குனு இழுத்துடாத."

"இழுக்கலைங்க."

"சிப்பைத் துணியில ஸ்பிரிட் தொட்டுத் துடை. கண்ணாடி மாதிரி ஆகணும்."

துடைத்தாள். அதில் அவளுடைய களைத்த முகத்தின் ஒரு துண்டு தெரிந்தது.

"புது பேஸ்ட் மிளகளவு போதும். பல்லு விளக்கறவ மாதிரி பிதுக்கிடாத."

"சரிங்க கம்பவுண்டர் சார்."

"புதுக் கூலர் அடியில ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். உரிச்சியா?"

உரிக்கவில்லை. இருப்பதே தெரியாத அளவுக்கு மெல்லிய தாள். நகத்தால் கிளப்பி உரித்தாள். அதோடு மாட்டியிருந்தால் வெந்தே போயிருக்கும் கார்டு.

அவர் மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஸ்க்ரூவைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு என்றார். ஒரே பக்கமாக இறுக்கினால் சிப்பின் மூலை உடைந்துவிடும் என்றார். அத்தனையும் மனப்பாடம். அந்த அலுப்பிலும் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கார்டைக் கம்ப்யூட்டருக்குள் அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. கரண்ட் ஒயரை மாட்டிப் பொத்தானை அமுக்கினாள்.

பழைய இரைச்சல் இல்லை. புது விசிறிகள் சுற்றுவதே தெரியவில்லை.

ஸ்பீக்கரில் கம்ப்யூட்டர் எழுந்துகொள்ளும் இசை கேட்டது.

"வந்துடுச்சு!" அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். மூக்கு இடிக்கும் அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனார். "பாத்தியா? எவ்வளவு பளிச்சுனு இருக்கு! கார்டுதான், கார்டுதான்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!"

அவர் முகத்தில் இப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தாள்.

"என்ன பேச்சையே காணோம்? நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சா போயிடுவே?"

அவள் மானிட்டரைப் பார்த்தாள்.

கறுப்பாக இருந்தது. பின்பக்க ஜன்னலின் மதிய வெயில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டாக அதில் விழுந்துகிடந்தது. அதற்குக் கீழே அவர் தலை, அவள் தலை.

கார்டில் செருக வேண்டிய மானிட்டர் கேபிள் இன்னும் அவள் கையில் இருந்தது. அதை மாட்ட மறந்திருந்தாள்.

"ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டுடறேன். சாயங்காலமே வந்து வாங்கிக்கட்டும்." அவர் கை மேசைமேல் போனைத் தடவித் தேடியது. போன் அவர் கண்ணெதிரேதான் இருந்தது.

அவள் அதை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்குங்க," என்றாள். "போன் அப்புறம் போடலாம். இந்தக் கல்யாணத்தை நானும் பக்கத்துல உக்காந்து பாக்கறேன். நூல் கலர் பாத்துப் பாத்து எனக்கும் கொஞ்சம் கலர் தெரியும்ல?"

"வாங்க டாக்டரம்மா, வாங்க. உக்காருங்க," என்று சிரித்தார் அவர்.

அவள் குனிந்து, சின்னச் சத்தம்கூட அவருக்குக் கேட்டுவிடாதபடி, கேபிளைச் செருகினாள்.