கருமி வீட்டு ஏசி

“ஸ்க்ரூவைக் கழட்ட வேண்டாம்ப்பா. ரிப்பேர் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டுக் கிளம்பிடு.”

ஸ்ரீநிவாசராகவன் குரலைத் தாழ்த்திச் சொன்னதும் ஏசி மெக்கானிக் லோகநாதனுக்குச் சுள்ளென்று வந்தது.

பின்னே எதற்காம், இந்தக் கத்திரி வெயிலில் குரோம்பேட்டையிலிருந்து சேலையூர் வரைக்கும் சைக்கிள் மிதித்து வந்தது?

கூப்பிட்டது இவரில்லை. பக்கத்து வீட்டு அபிதகுஜாம்பாள்தான் கடைக்கு போன் பண்ணியிருந்தாள். “அந்த மாமி நாலு நாளா வெந்துண்டிருக்கா. மாமா ரயில்வேல எலக்ட்ரிகல்ல இருந்து ரிடையர் ஆனவர். தானும் ரிப்பேர் பண்ண மாட்டேங்கறார், ஆளையும் கூப்பிட மாட்டேங்கறார். நீங்க வந்து பாருங்கோ.”

உள்ளே வரும்போதே கூடத்தில் அந்த மாமியைப் பார்த்தான். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டு, தரையில் உட்கார்ந்து மடித்த பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தாள். ரவிக்கை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

இவரோ எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷர் போலிருக்கிறது.

“சும்மா பாத்துட்டுப் போறேன் சார். பாக்கறதுக்குத் துட்டு வாணாம்.”

பதிலுக்குக் காத்திராமல் ஏசியைப் போட்டுப் பார்த்தான். காற்று வந்தது, குளிர்ச்சி இல்லை. அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினான். கம்ப்ரசருக்குப் போகும் ஒயர் இரண்டு துண்டாகத் தொங்கியது.

“எலி கடிச்சிருக்கும்” என்றார் பெரியவர், அவசரமாக.

“எலிக்கு கட்டிங் பிளேயர் புடிக்கத் தெரியுமா சார்?”

பெரியவர் போய் அறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

கரண்டு பில்லுக்கு பயந்து பெண்டாட்டியை வேக வைக்கிற ஆளை லோகநாதன் இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

“இன்னா மன்சன் சார் நீ? அந்தம்மா வேர்த்து ஊத்திகினு குந்திகீது. பில்லு பெர்சா, கட்டின பொண்டாட்டி பெர்சா? அஞ்சு நிமிசம், ஒயரை முறுக்கி டேப்பு சுத்தினா ஓடிடும். அந்தம்மா கைலயே சொல்லிட்டு மாட்றேன்.”

கிளம்பியவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார் பெரியவர்.

“சொல்லிடாதேப்பா. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.”

அப்புறம்தான் அவர் சொன்னார்.

“இது எங்க கிட்டுவோட ரூம். ஒரே பிள்ளை. முதல் போனஸ்ல இந்த ஏசியை வாங்கி மாட்டினான். போன வருஷம் தை மாசம், ஜிஎஸ்டி ரோட்டுல லாரி மோதி... போயிட்டான். காரியமெல்லாம் முடிஞ்ச அன்னிக்கு என் ஆத்துக்காரி வேதா இதுக்குள்ள வந்து கதவைச் சாத்திண்டா. பதினாறு மாசம். நான்தான் ஏதோ பொங்கி, தட்டுல போட்டு உள்ள கொண்டு வெப்பேன். வெளியில வாயேன்னா, ‘கதவைத் திறக்காதீங்கோ, என் பிள்ளை போட்ட குளிர் போயிடும்’ம்பா. அதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. டாக்டர் வந்து பாத்தாச்சு, சொந்தக்காரா வந்து அழுதாச்சு, அசையலை. போன வெள்ளிக்கிழமை, அவன் ஆசையா வாங்கினதை என் கையாலேயே வெட்டினேம்ப்பா. ரெண்டு நாள் தாக்குப் பிடிச்சா. மூணாம் நாள் புழுக்கம் தாங்காம, தானே கதவைத் திறந்துண்டு கூடத்துல வந்து உட்கார்ந்தா.”

லோகநாதனுக்குப் பேசிய பேச்சையெல்லாம் திரும்ப விழுங்கிவிட முடிந்தால் தேவலை என்றிருந்தது.

கூடத்திலிருந்து மாமியின் குரல் கேட்டது. “ஏம்ப்பா, சரியாயிடுமா?”

அவன் ஒயர்த் துண்டுகளை உள்ளே தள்ளி மூடியை மாட்டினான்.

“இல்லம்மா. கம்ப்ரசர் பூட்ச்சு. இனிமே தேறாது.”

கூடத்தில் பேப்பர் விசிறுகிற சத்தம் நின்றது. அழத் தொடங்கிவிடுவாளோ, எழுந்து மறுபடியும் இந்த அறைக்கே வந்துவிடுவாளோ என்று லோகநாதனுக்குப் பக்பக்கென்றது. பெரியவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சரி, என்ன பண்றது. பாவம், வெயில்ல வந்திருக்கே. ரெண்டு பேரும் வாங்கோ, மோர் கரைக்கறேன்.”

பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டது. ஸ்ரீநிவாசராகவன் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“பதினாறு மாசத்துல, இன்னிக்குத்தான்ப்பா அவ அடுப்படிக்குள்ள போறா.”