மீதி வராத எண்

காலை ஐந்தரைக்கே ஓசூர் கம்பெனி கேட்டில் ரத்தினவேல் மைசூர்பாகு டப்பாவை நீட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் புதுச் சீருடையில் அவன் மனைவி சுகுணா. மூன்று வருடம் மனுக் கொடுத்துக் கிடைத்த வேலை. பேரிகை கிராமத்தில் வெறும் சுவரோடு நிற்கும் வீட்டுக்கு இனி தளம் போட்டுவிடலாம். ஒரு சம்பளத்தில் சுவர்தான் எழும்பும்.

இத்தனை நாள் வேலை கிடைக்காததற்குக் காரணம், நம்பினால் நம்புங்கள், ஒரு எண். ஹெச்.ஆர். மேனேஜர் நவீன்குமார் கணிதத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர். கம்பெனியில் மொத்த ஆள் 5040. ஒன்றிலிருந்து பத்து வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. மூன்று ஷிப்டும் சமம். தொண்ணூறு பஸ், பஸ்ஸுக்கு ஐம்பத்தாறு பேர், ஒரு சீட் காலியில்லை.

"ஒரு ஆள் கூடினா 5041. அது எழுபத்தொண்ணைத் தவிர எதுக்கும் மசியாது. ஒண்ணு குறைஞ்சா 5039. அதை ஆண்டவனே வந்தாலும் பங்கு வைக்க முடியாது" என்று போன வாரம் அவர் கையை விரித்துவிட்டார்.

ரத்தினவேல் ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் ஃபெயில். ஆனாலும் அந்த இடத்திலேயே வழி கண்டுபிடித்தான்.

"ஒருத்தன எடுத்துட்டு இவளப் போடுங்க சார். எவனா இருந்தா என்ன, கணக்கு சரியாப் போவுதில்ல?"

மேனேஜர் அவனை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். குறித்துக்கொண்டார்.

அந்த 'எவன்' யார் என்பதில் ரத்தினவேலுக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து மெஷின் ஆஞ்சப்பன். மூன்று பெண் குழந்தைகள், வாரத்தில் இரண்டு நாள் லேட். நேற்று அவன் மெஷின் காலியாகக் கிடந்தது. பாவம் என்று ரத்தினவேல் ஒரு நிமிடம் நினைத்தான். பிறகு கம்பி விலை விசாரிக்கப் போய்விட்டான்.

ஆறு மணிக்கு கேட் திறந்தது. சுகுணா கார்டை வைத்தாள். பச்சை விளக்கு. உள்ளே போய் நின்று, புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

மூச்சிரைக்க ஆஞ்சப்பன் ஓடிவந்தான். கடைசிப் பெண்ணுக்குக் காதுகுத்து, அதனால்தான் நேற்று லீவு என்றான். ஒரு மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு கார்டை வைத்தான். பச்சை.

ரத்தினவேல் வைத்தான். சிவப்பு. சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான். சிவப்பு.

கேட்டுக்கு அந்தப் பக்கம் நவீன்குமார் நின்றிருந்தார். ரத்தினவேல் தன் பன்னிரண்டு வருட சர்வீஸைச் சொன்னான். தளம் போடாத வீட்டைச் சொன்னான். வேறு யாரை நீக்கினாலும் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது, உங்கள் வீட்டில் அந்தக் கவலை இல்லையே என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

"வழி சொன்னதே நான்தான சார். என்னையேவா?"

மேனேஜர் கையை நீட்டி, டப்பாவிலிருந்த கடைசித் துண்டை எடுத்துக்கொண்டார்.

"எவனா இருந்தா என்னன்னு நீங்கதானே சொன்னீங்க?"